உதயகுமாரின் தொண்டையும் மஞ்சள் மாத்திரையும்

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் உதயகுமார் சேல்ஸ்மேன். நெசவாளர் வீட்டுப் பிள்ளைதான். ஆனால் தறியைவிட வாய்தான் அவருக்குச் சோறு போட்டது. கல்யாணக் கோஷ்டி உள்ளே நுழைந்தால், கடைசியில் யார் தலையாட்ட வேண்டும் என்பதை இரண்டு சேலை விரிப்பதற்குள் கண்டுபிடித்துவிடுவார்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு தை மாதம் அவருக்குத் தொண்டை கட்டியது. சளி என்று விட்டுவிட்டார். பங்குனி வந்தும் குரல் திறக்கவில்லை. குரல் நாணில் புற்றுநோய், ஆரம்பக் கட்டம் என்றார் டாக்டர் சுகாசினி. கத்தி வைக்க வேண்டாம், கரண்ட் வைத்தால் போதும் என்றும் சொன்னார். கதிர்வீச்சு சிகிச்சைக்கு ஊரில் அதுதான் பெயர். குரல் திரும்புமா என்று மட்டும் உதயகுமார் கேட்டார். பெரும்பாலும் திரும்பும், கொஞ்சம் கரகரப்பு தங்கலாம் என்றார் டாக்டர். அது போதும் என்று தெம்பாகவே வீட்டுக்கு வந்தார்.

சிகிச்சை தொடங்கிய வாரமே சகலை சிவராஜ் ஒரு பெட்டியோடு வந்தான். உதயகுமார் மனைவி புவனேஸ்வரியின் தங்கை கணவன் அவன்; சத்து மாத்திரை வியாபாரம் செய்கிறவன். மஞ்சளிலிருந்தும் திராட்சை விதையிலிருந்தும் சாரம் பிரித்துச் செய்த மாத்திரைகள் அவை. அண்ணன் மேல் உள்ள பாசத்தில் காசு வாங்காமல் கொண்டுவந்திருந்தான்.

"கரண்டு செல்லை எரிக்குதுண்ணா. இது எரியாம காக்கும். ஆராய்ச்சியிலயே போட்டிருக்குது."

உதயகுமாருக்கு அந்தக் கடைசி வார்த்தை இடித்தது. வாடிக்கையாளர் கேள்வி கேட்க வேண்டிய இடத்தில்தான் விற்பவன் இப்படி அவசரமாகத் தாண்டுவான். அவரே எத்தனையோ முறை தாண்டியிருக்கிறார். மறுநாள் பெட்டியை டாக்டரிடம் கொண்டுபோனார்.

சுகாசினி பொறுமையாகப் படித்துப் பார்த்தார். சிவராஜ் சொன்னதில் பொய் இல்லை, சோதனைக்கூடத்தில் இந்தச் சாரங்கள் செல்களைக் கதிர்வீச்சிலிருந்து ஓரளவு காத்திருக்கின்றன என்றார்.

"ஆனா சார், உங்க தொண்டையில நல்ல செல்லும் இருக்கு, கெட்ட செல்லும் இருக்கு. இது நல்லதை மட்டும் காப்பாத்தும்னு உறுதியா சொல்ல முடியாது. கெட்டதையும் காப்பாத்திட்டா, நான் எதுக்குக் கரண்ட் வைக்கணும்?"

குழம்பில் போடும் மஞ்சளும் ஒரு நெல்லிக்காயும் தடையில்லை. சாரமாக இறுக்கிய மாத்திரை மட்டும் சிகிச்சை முடியும்வரை கூடாது என்றார். தொண்டை புண்ணானால் தேனை வாயில் வைத்திருந்து மெதுவாக விழுங்கிப் பார்க்கலாம், சிலருக்குக் கேட்கிறது, உங்களுக்குச் சர்க்கரையும் இல்லை என்றார்.

அன்று சாயங்காலம் உதயகுமார் இதைச் சொன்னதும் சிவராஜின் முகம் வெளிறியது. மாகறலில் பொன்னியம்மாள் என்ற அம்மாவுக்கும் இதே மாத்திரையைக் கொடுத்திருந்தான். அவருக்கும் மார்பில் கரண்ட் நடந்துகொண்டிருந்தது.

"அப்போ இன்னாத்துக்கு இங்க உக்காந்துக்கினு இருக்கற? கெளம்பு, நானும் வரேன்."

இரண்டு பேரும் ஒரே பைக்கில் போனார்கள். பொன்னியம்மாள் வயல் வேலை பார்த்துக் காய்த்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். பிறகு பெட்டியை எடுத்துவந்து அவனிடமே கொடுத்தார். நாளைக்கு டாக்டரிடம் நீயே வந்து சொல்லு என்றார். அவன் போய்ச் சொன்னான். சாப்பிட்டது சில நாள்தான், நிறுத்தினால் போதும், சிகிச்சை அப்படியே தொடரட்டும் என்றார் அந்த டாக்டர்.

அடுத்த வாரங்கள் லேசானவை அல்ல. கழுத்துத் தோல் கறுத்தது. எச்சில் விழுங்கினாலே எரிந்தது. மிளகும் புளியும் கிட்டே வரக்கூடாது. புவனேஸ்வரி பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து நெய் விட்டுத் தருவாள். தேன் அவருக்கு ஓரளவு கேட்டது. எடை குறைந்தாலும் ஒரு நாள்கூட அவர் சிகிச்சையைத் தவறவிடவில்லை.

ஆடித் தள்ளுபடிக்கு முதலாளி அவரைச் சேலை மடிக்கும் வேலையில் உட்காரவைத்தார். ஆவணி முகூர்த்தத்துக்குள் அவரே கேட்டுக் கவுண்டருக்கு வந்துவிட்டார். குரல் இப்போது அடங்கித்தான் வருகிறது. அவர் சொல்வதைக் கேட்க வாடிக்கையாளர்கள் சற்றுக் குனிகிறார்கள். குனிந்தவர்கள் சேலையையும் கிட்டத்தில் பார்க்கிறார்கள். வியாபாரம் குறையவில்லை. பரிசோதனைகளில் இதுவரை எதுவும் இல்லை.

பொன்னியம்மாளும் நன்றாக இருக்கிறார். சிவராஜ் இன்னும் மாத்திரை விற்கிறான். ஆனால் பெட்டியைத் திறக்கும் முன் வீட்டில் யாருக்காவது கரண்ட் நடக்கிறதா என்று கேட்கிறான். ஆமாம் என்றால், அவர்களை டாக்டரிடம் கேட்கச் சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறான்.