சாச்சாவைக் கடத்தியவர்கள்

கைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே சாச்சி முற்றத்தில் உட்கார்ந்துவிட்ட அந்த மதியம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. குறுவை அறுவடை முடிந்து, எங்கள் தெருவே நெல் காயப்போடும் களமாக மாறியிருந்தது. சாச்சியின் கணவர், நாங்கள் அத்தா என்று கூப்பிடும் என் அப்பாவின் தம்பி, சாச்சா வளைகுடாவில் ஒரு பணக்காரர் வீட்டில் டிரைவராக இருந்தார். பேசியவர் அங்கே அவரோடு தங்கியிருந்த மன்னார்குடிக்காரர். பேச்சு விட்டுவிட்டுக் கேட்டதில் சாச்சிக்குப் புரிந்தது ஒரு வார்த்தைதான். "கடத்துறாங்களாம். அவரைக் கடத்துறாங்களாம்." யார், எதற்கு, எங்கே என்று கேட்டால் அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். என் அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கொள்ளைக்காரர்களிடம் சாச்சா மாட்டிக்கொண்டதாகவே நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

அத்தா அந்த எண்ணுக்குத் திரும்ப அழைத்துப் பேசிய பிறகுதான், அது ஆள் கடத்தல் இல்லை, நாடு கடத்தல் என்று தெரிந்தது. முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு பல வருடங்களாகச் சாச்சாவை ஊருக்கு அனுப்பவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு, சாச்சா அந்த வீட்டிலிருந்து வெளியேறி ஒரு மளிகைக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். ஆள் ஓடிவிட்டான் என்று முதலாளி புகார் கொடுக்க, போலீஸ் பிடித்துவிட்டது. விமானம் ஏற்றி அனுப்பப் போகிறார்கள். சாச்சி அழுகையை நிறுத்தினார்.

"ஊருக்குத்தானே அனுப்புறாங்க?"

"ஆமாம்மா."

"அப்ப இது நல்ல சேதியா, கெட்ட சேதியா?"

அத்தா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அதற்குள் செய்தி குடவாசல் கடைத்தெருவுக்குப் போய்விட்டது. அங்கே அது வேறொன்றாக மாறியது. திருச்சி விமான நிலையத்தில் தங்கம் பிடிபட்ட செய்தி பேப்பரில் அடிக்கடி வரும் காலம். கடத்தல் கேஸ் என்றால் ஊருக்குத் தெரிந்தது தங்கம்தான். கறிக்கடைக்காரர் அத்தாவைத் தனியே கூப்பிட்டு, "எவ்வளவுண்ணே இருக்கும்?" என்று கேட்டாராம். எதைக் கேட்கிறார் என்றே அத்தாவுக்கு முதலில் விளங்கவில்லை. நான் அப்போது கல்லூரியில் தமிழ் இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். "நீதான் தமிழ் படிக்கிறியே, போய்ச் சொல்லேன்" என்றார்கள் வீட்டில். கடத்துவது என்றால் கடக்கச் செய்வது. எதையாவது ஒரு எல்லைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விடுவது. அது தங்கமா, மனிதனா, போகிறவனுக்குச் சம்மதமா என்றெல்லாம் அந்தச் சொல் கேட்பதில்லை. இதை நான் யாரிடம் போய்ச் சொல்வது?

சாச்சா ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்து இறங்கினார். சென்ட் பாட்டில் இல்லை, கம்பளி இல்லை, பிள்ளைகளுக்கு மிட்டாய் இல்லை. தெருவில் நின்றவர்கள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, அந்தப் பையைத்தான் பார்த்தார்கள். எதிர்வீட்டுப் பெரியம்மா மட்டும், "உன்னைத் தூக்கிட்டுப் போனவங்க அடிச்சாங்களா தம்பி?" என்று கேட்டார். சாச்சா விறுவிறுவென்று உள்ளே போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

சாச்சாவின் மகளுக்கு, எனக்கு அக்கா முறையானவளுக்கு, அப்போது சம்பந்தம் பேசி முடித்திருந்தோம். மாப்பிள்ளையின் அத்தா இரண்டு பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். நடந்ததையெல்லாம் சாச்சா ஒன்றுவிடாமல் சொன்னார். கைரேகை எடுத்துக்கொண்டு, இனிமேல் அந்த நாட்டுக்கு வரக்கூடாது என்று சொல்லி அனுப்பியதையும் மறைக்கவில்லை. வந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி. ஆனா கடத்தல்னுதானே சொல்றாங்க?" என்றார்.

நான் கதவோரம் நின்று, அது நாடு கடத்தல், இது வேறு என்று விளக்கினேன்.

"ரெண்டும் ஒரே வார்த்தைதானேம்மா? தப்புப் பண்ணாதவனை ஒரு நாடு ஏன் வெளிய தள்ளுது?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்து போனார்கள். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். அக்காவைப் பிறகு பேராவூரணியில் கொடுத்தோம். நன்றாக இருக்கிறாள்.

சாச்சா வெகுநாள் வேலைக்குப் போகவில்லை. விசாரித்தால், "பொழுதைக் கடத்துறேன்" என்பார், சிரிக்காமல். ஊருக்கு வரமாட்டோமா என்று அங்கே ஏங்கியவர், இங்கே வந்த பிறகு, தடை எப்போது நீங்கும், மறுபடி போக முடியுமா என்று ஏஜென்ட் வீட்டுக்கு நடந்தார். சாச்சிக்கு இது விளங்கவே இல்லை. கடைசியில் நெல் ஏற்றும் லாரிக்கு டிரைவராகப் போனார். இன்றும் அதைத்தான் ஓட்டுகிறார்.

நான் இப்போது பள்ளியில் தமிழ் ஆசிரியை. போன மாதம் லீவில் ஊருக்குப் போயிருந்தபோது எல்லோரும் டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தோம். ஏதோ ஒரு நாட்டிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்கள் விமானத்திலிருந்து வரிசையாக இறங்கினார்கள். கைகளில் விலங்கு. கீழே, நாடு கடத்தப்பட்டனர் என்று எழுத்து ஓடியது. சாச்சா டிவிக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"யாராச்சும் சிரிக்கிறாங்களா பாரு" என்றார் என்னிடம்.

"இதுல எப்படிச் சாச்சா சிரிப்பாங்க?"

"நான் சிரிச்சேன். பிளைட் மேல எழும்புனதும் எனக்குச் சிரிப்பு அடக்க முடியல. பக்கத்துல இருந்த பையன் அழுதுக்கிட்டு வந்தான். கடன் வாங்கிப் போனவனாம். அவனுக்கு முன்னாடி சிரிக்கக் கூடாதுன்னு வாயைப் பொத்திக்கிட்டு வந்தேன்."

இத்தனை வருடத்தில் அவர் இதை யாரிடமும் சொன்னதில்லை. சாச்சி கீரை ஆய்வதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்.

"அப்ப வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கிட்டு ஏங்க அப்படி அழுதீங்க?"

சாச்சா என் பக்கம் திரும்பி, என்னிடம் அதற்கு ஒரு வார்த்தை இருக்கும் என்பதுபோலப் பார்த்தார்.