லெந்து முடிந்தும் முடியாத உபவாசம்

போன வருடம், ஈஸ்டருக்கு முந்தைய லெந்து தவ நாட்களில் என் மகள் ஷீபா உபவாசம் இருக்க ஆரம்பித்தாள். வயது பதினேழு. முதலில் காலை உணவை விட்டாள், பிறகு மதியத்தையும். ஜீவனஹள்ளியில் எங்கள் ஜெபக்குழுவே மெச்சியது. "இந்த வயசுல இவ்ளோ பக்தியா!" எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஈஸ்டர் அன்று பிரியாணி செய்தேன். அவள் தொடவில்லை. "வேணாம்மா, குண்டாயிடுவேன்." எலும்பும் தோலுமாக இருந்தவள் சொல்கிறாள்! முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. மே மாதத்திலும் ஸ்வெட்டர் போட்டாள். மாதவிடாய் நின்றுபோனதை மறைத்திருந்தாள். ஒரு ஞாயிறு, ஆராதனையில் பாட எழுந்தவள் அப்படியே விழுந்தாள்.

"பட்டினியில இதயமே மெலிஞ்சிருக்கு. துடிப்பு ரொம்ப ஸ்லோ, பொட்டாசியம் ரொம்பக் கம்மி. எப்ப வேணா நின்னுடலாம்" என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். என் ஒரே பிள்ளை! சோறு ஊட்டலாம் என்றால் அதுவும் கூடாதாம். காய்ந்த உடம்புக்குள் திடீரென்று நிறையச் சாப்பாடு போனால் ரத்தத்தில் தாது உப்புகள் தாறுமாறாகி உயிரே போய்விடுமாம். "சொல்ப சொல்பமா, கொஞ்சம் கொஞ்சமாதான் குடுக்கணும்மா" என்றாள் நர்ஸ், கஞ்சியும் ஸ்பூனுமாக. ஷீபா வாயைத் திறக்கவில்லை.

எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். அவளுக்காக உபவாசம் எடுத்தேன். "ஆண்டவரே, என் பிள்ளையைச் சாப்பிட வையும்" என்று கட்டில் ஓரம் அழுதேன். மூன்றாம் நாள் ஷீபா என்னையே பார்த்தாள்.

"நீ சாப்பிடாம இருந்தா பக்தி, நான் இருந்தா மட்டும் வியாதியாம்மா?"

சுருக்கென்றது. என் ஜெபத்துக்கு ஆண்டவர் அவள் வாயாலேயே பதில் சொன்னார் என்று இன்றும் நம்புகிறேன். கேன்டீனிலிருந்து இட்லி வாங்கி வந்து அவள் எதிரே உட்கார்ந்தேன். "ஜெபம் பண்ணிட்டேன். சாப்பிடப் போறேன். நீயும் வா கண்ணு." இட்லியைப் பிட்டு வாயில் போட்டேன். அவள் கஞ்சியில் இரண்டு ஸ்பூன் குடித்தாள்.

பிறகு பல மாதம் மருந்து, மனநல டாக்டர், தட்டுக்கு எதிரே தட்டு. கத்தினாள், தட்டை எறிந்தாள். நானும் கத்தினேன். மெல்ல எடை ஏறியது. இந்த ஜனவரியில் பாத்ரூமிலிருந்து ஒரு கூச்சல்: "அம்மா, வந்துடுச்சு!" நின்றுபோன மாதவிடாய் திரும்பியிருந்தது. கதவுக்கு வெளியே முழங்கால் போட்டு அழுதேன். சபையில் சொல்லக் கூச்சம்தான். ஆனாலும் ஆண்டவருக்கு நன்றி சொல்லாமல் எப்படி இருப்பேன்?

பிள்ளை சாப்பிடாவிட்டால் பக்தி என்று மெச்சாதீர்கள். டாக்டரிடம் கூட்டிப் போங்கள், ஆண்டவர் அங்கேயும் இருக்கிறார். அவரை நம்பி ஜெபியுங்கள். ஜெபித்துவிட்டு, பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள்.