வலப்பக்கம் முதுகு வந்த பிள்ளைகள் நாவல்

1. மூன்று பிள்ளைகளும் எங்கள் பைண்டிங் செக்‌ஷனும்

ஷார்ஜாவில் ஒரு அச்சகத்தில் பைண்டிங் ஃபோர்மேனாகப் பதினெட்டு வருஷம் இருந்தேன். சிவகாசியில் தொழில் பழகியவன் என்று மார்தட்டிக்கொண்டு திரிந்த ஆள். அந்த மார்தட்டல் ஒரு வியாழக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு மொத்தமாக அடங்கியது. இப்போது பிரஸ் வேலைக்கு வருகிற தம்பிமார்கள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்களிடம் வருவதெல்லாம் அரபிப் புத்தகம். இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஒருநாள் செல்வராணி என்று ஒரு நர்ஸ் வந்தார். தூத்துக்குடிப் பக்கம். கையில் ஒரு சிடி. "அண்ணாச்சி, சின்னப் பிள்ளைங்க படிக்கிற நாவலு. நான்தான் எழுதினேன். ஐந்நூறு காப்பி போட்டுத் தருவீயளா?" என்றார். அந்த பிரஸ்ஸில் தமிழ்ப் புத்தகம் அடிப்பதா! எனக்குத் தலைகால் புரியவில்லை. மேனேஜர் ஹாஜா பாய் சரி என்பதற்குள் நான் சரி என்றுவிட்டேன்.

கதை இதுதான். அப்பா அம்மாவை இழந்த மூன்று பிள்ளைகள்: அக்கா மல்லி, தம்பி ஜீவா, சின்னது குட்டி. சொந்தக்காரர் வீடு ஒவ்வொன்றாக ஏறி இறங்குகிறார்கள். எல்லா வீட்டிலும் ஒரே பேச்சு, ஒன்றை மட்டும் வைத்துக்கொள்கிறோம் என்று. மூன்றையும் சேர்த்து வைத்துக்கொள்ள ஒரு வீடு கிடைக்குமா என்பதுதான் நாவல்.

பதினாறு பக்கம் ஒரு பாரம். மொத்தம் எட்டுப் பாரம். ஃபோல்டிங் மெஷினிலிருந்து மடித்து விழும் ஒவ்வொரு பாரத்திலும் ஒன்றை எடுத்து நின்றபடியே படித்துவிடுவேன். டீ நேரத்தில் அதுவரை நடந்த கதையை எனக்குத் தெரிந்த இந்தியில் மற்றவர்களுக்குச் சொல்வேன். கட்டிங் மெஷினில் நிற்கும் ரஃபீக், பங்களாதேஷ்காரன், காலையில் கார்டு பஞ்ச் பண்ணும்போதே ஆரம்பித்துவிடுவான். "பாய், பச்சா லோக் கா க்யா ஹுவா?" பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று அவனுக்குத் தெரிந்தாக வேண்டும். ஐந்தாம் பாரத்தில் மாமா வந்து ஜீவாவை மட்டும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனபோது அந்த மாமாவை வங்காள மொழியில் கிழிகிழியென்று கிழித்தான்.

2. சிஸ்டர் சொன்னது

ஏழு பாரம் முடிந்தும் எட்டாவது வரவில்லை. சிஸ்டர் கடைசி அத்தியாயத்தை இரண்டு தடவை வாங்கி மாற்றி எழுதினார். புத்தக வெளியீட்டு விழாவோ வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு. "சிஸ்டர், எழுதுனது போதும்மா, குடுங்க" என்று கடிந்துகொண்டேன். அப்போதுதான் சொன்னார்.

"எனக்கு ஒரு தம்பி உண்டு அண்ணாச்சி. ஓமான்ல, சோஹார் போர்ட்ல வேலை. எங்கம்மா போன பொறவு சித்தப்பா வந்து ஆம்பளப் பிள்ளைய மட்டும் கேட்டாரு. கூட்டிட்டுப் போங்கன்னு நான்தான் சொன்னேன். அங்கயாவது வயிறாரச் சாப்பிடுவான்னு. எனக்கு அப்ப பதினோரு வயசு. அக்கா என்னைத் தள்ளி விட்டுட்டான்னு அவன் மனசுல இருக்கு. பேசியே ஒம்பது வருசமாச்சு."

"விழாவுக்கு வர்றாரா?"

"அவன்கூட வேலை பாக்கிறவரு சொல்லி, ஒரு மணி நேரம் வந்துட்டுப் போறேன்னிருக்கான். சனிக்கிழமை காலைல அவனுக்கு டூட்டி. நேர்ல பேசுனா சண்டைதான் வரும். இந்தப் புக்கை அவன் கையில குடுத்துட்டாப் போதும்."

புதன்கிழமை எட்டாவது பாரத்துக்குப் பிளேட் போட்டோம்.

3. வியாழன், இரண்டரை மணி

எட்டாவது பாரம் மடிந்து வந்ததும் படிக்கக்கூட நேரமில்லை. எட்டையும் அடுக்கி, கம் போட்டு, அட்டை ஒட்டி, முதல் காப்பியை வெட்டி எடுத்தேன். சூடு ஆறுவதற்குள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். அட்டையைத் திறந்தேன்.

முதல் பக்கத்தில் 'முற்றும்' என்றிருந்தது.

புரட்டிப் பார்த்தேன். 128, 127, 126. புத்தகம் பின்னாலிருந்து ஓடியது. அச்சுக்குப் பக்கங்களை அடுக்கிப் பிளேட் போடும் எகிப்துக்காரருக்குத் தமிழ் தெரியாது. அரபிப் புத்தகத்துக்கு முதுகு, அதாவது ஒட்டுகிற பக்கம், வலப்பக்கம் வரும். அந்த லேஅவுட்டிலேயே எட்டுப் பாரத்தையும் போட்டுவிட்டார். அட்டை மட்டும் வெளியே தமிழ்க்காரர் ஒருவர் செய்தது, அது ஒழுங்காக இருந்தது.

அவரைச் சொல்லி என்ன பயன்? ஏழு பாரத்தையும் ஒரு வரி விடாமல் படித்தவன் நான். வருஷக்கணக்காக அரபிப் பாரத்தைப் புரட்டிப் புரட்டி என் கை அரபிக் கையாகவே மாறியிருந்தது. தமிழை வாசித்துக்கொண்டே பக்கத்தை அரபிப் பக்கமாகத் திருப்பியிருக்கிறேன். கண் கதைக்குள் கிடந்தது, கை அதன் பழக்கத்துக்கு ஓடியது. வெட்கமாக இருந்தது.

ஹாஜா பாய் வந்து பார்த்தார். கீழக்கரைக்காரர், எதற்கும் அலட்டிக்கொள்ளாதவர். "அட்டைய மாத்தி அடிச்சு இந்தப் பக்கமே ஒட்டும். வலது பக்கமாத் தொறந்தா என்ன இப்ப? கலாஸ், முடிஞ்சுது."

"பாய், பிள்ளைங்க புஸ்தகம். தமிழ்ப் பிள்ளை எந்தப் பக்கம் தொறக்கும்?"

"அப்ப திருப்பி அடிக்கப் பேப்பர் எங்க இருக்கு? ஞாயித்துக்கிழமைதான் வரும். நர்ஸம்மாட்ட நீரே சொல்லும்."

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தம்பி சோஹாரில் இருப்பார். நான் போனை எடுத்தேன், கீழே வைத்தேன். மறுபடி ஒரு பாரத்தை எடுத்து வெறித்துப் பார்த்தேன். அப்போது பொறி தட்டியது.

முதுகு எந்தப் பக்கம் இருந்தாலும் தாள் ஒன்றுதானே! ஒன்றாம் பக்கத்துக்குப் பின்னால் இரண்டு, மூன்றுக்குப் பின்னால் நான்கு. வரிசை மாறவே இல்லை. வலப்பக்க மடிப்பை வெட்டி எறிந்துவிட்டு இடப்பக்கத்தில் கம் போட்டால் தமிழ்ப் புத்தகம்! பாரத்தின் மேல் விளிம்பில் தலை மடிப்பு இருக்கும்வரை தாள் சிதறாது. சின்னப் பிள்ளைகளுக்கு என்று சிஸ்டர் மார்ஜினைத் தாராளமாக விட்டிருந்தார். புத்தகம் அரை விரல் ஒடுங்கும், அவ்வளவுதான்.

"ரஃபீக்!" என்று நான் போட்ட சத்தத்தில் அவன் கையிலிருந்த டீ கொட்டியது.

ஒரு காப்பியை வெட்டி, திருப்பி ஒட்டினோம். அட்டையைத் திறந்தால் பக்கம் ஒன்று! ஹாஜா பாய் அதை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "சரி, மிச்சத்தை நாளைக்குக் காலைல முடிச்சிரும். ஆனா லீவு நாள்ல ஆளு வரணுமே?" என்றார்.

ஆட்களைக் கேட்டேன். ரஃபீக் ஒரே ஒரு நிபந்தனை போட்டான். கடைசி அத்தியாயத்தை இப்பவே சொல்ல வேண்டும். கட்டிங் மெஷின் பக்கத்தில் நின்று வாசித்து வாசித்து இந்தியில் சொன்னேன். பஸ் ஸ்டாண்டில் பஞ்சர் கடை வைத்திருக்கும் புருஷன் பெண்டாட்டி, மல்லியையும் குட்டியையும் உட்கார வைத்துச் சோறு போடுகிறார்கள். "இன்னொருத்தன் எங்க?" என்று கேட்கிறார்கள். அந்த மனிதர் அன்றே பஸ் ஏறிப் போய் ஜீவாவையும் கூட்டி வருகிறார். ரஃபீக் கைதட்டினான்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு எங்கள் செக்‌ஷன் ஆட்கள் ஆறு பேரும் வந்துவிட்டார்கள். யல்லா, யல்லா என்று ஒருவரை ஒருவர் விரட்டியபடி வெட்டினோம், ஒட்டினோம். தொழுகைக்குப் போகும் முன்னே கடைசிக் கட்டு பேக்கிங் ஆனது.

அன்றிலிருந்து முதல் பாரம் மடிந்ததும் அட்டையைச் சுற்றி வைத்து, முதுகு எந்தப் பக்கம் என்று பார்க்காமல் மெஷினை ஓடவிட்டதில்லை. தம்பிமார்களே, பழகிய கையை நம்பாதீர்கள். பிடித்த வேலையில் இன்னும் இரண்டு மடங்கு சோதியுங்கள்.

4. நான்கு மணி

துபாய் தேராவில் ஒரு ஹோட்டல் மாடி ஹால். சிஸ்டரிடம் நடந்ததைச் சொல்லி, புத்தகம் ஒடுங்கியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் காதில் எதுவும் விழவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்பி வந்தார். அக்காவைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்துவிட்டுக் கடைசி வரிசையில், என் பக்கத்து நாற்காலியில், உட்கார்ந்தார். முதல் பிரதி வாங்க மேடைக்குக் கூப்பிட்டார்கள். போய் வாங்கினார், அக்கா முகத்தைப் பார்க்காமலே திரும்பி வந்தார். பேச்சாளர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். அவர் படித்துக்கொண்டே இருந்தார். ஐந்து மணி ஆனது, ஒரு மணி நேரக் கெடு முடிந்தது. எழுந்திருக்கவில்லை. மாமா ஜீவாவை ஏற்றிப் போகும் பக்கத்தில், பஸ்ஸுக்குப் பின்னால் மல்லி ஓடுகிற இடத்தில் வெகுநேரம் பக்கம் புரட்டாமல் இருந்தார். பிறகு வேகமாகப் புரட்டினார். முடித்ததும் புத்தகத்தை மூடி மடியில் வைத்து, இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார்.

அப்புறம் போனை எடுத்து சோஹாரில் யாரையோ கூப்பிட்டார்.

"எல, நான் நாளைக்கு டூட்டிக்கு வரலல. ஃபோர்மேன்ட்ட சொல்லிரு."

அந்தப் பக்கம் எங்கே இருக்கிறாய் என்று கேட்டிருக்க வேண்டும். சிஸ்டருக்கு ஷார்ஜாவில் இருந்தது, ஆறு நர்ஸுகள் தங்கும் ஒரு ரூமில் மேல் கட்டில் ஒன்று மட்டும். தம்பி மேடைப் பக்கம் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"எங்க அக்கா வீட்லதாம்ல இருக்கேன்."