நாய்க்குக் கட்டிய மஞ்சள் கயிறு

என் பெண்டாட்டி மூன்று நாள் ஜுரத்தில் போய்ச் சேர்ந்தாள். ஆவடிப் பக்கம் பட்டாளத்துக்காரர்கள் கூடாரம் அடிக்க ஆரம்பித்த வருஷம் அது. எனக்கு மாட்டு வண்டி வேலை. அம்பத்தூர் ஸ்டேஷனில் சரக்கு ஏற்றி ஊர் ஊராக இறக்குவேன். பிள்ளை குட்டி இல்லை. ஒரு ஜோடி மாடு, ஒரு கூரை வீடு, அவள் சோறு போட்டு வளர்த்த ஒரு நாய். மிச்சம் அவ்வளவுதான்.

நாயை எனக்குப் பிடிக்காது. அதற்கும் என்னைப் பிடிக்காது. நான் சாப்பிட உட்கார்ந்தால் எதிரில் வந்து நிற்கும். நான் கல்லை எடுப்பேன். அவள் ஒரு பார்வை பார்ப்பாள். எங்கள் சண்டையில் பாதி இதுதான். நாய்க்கு அவள் பெயர் வைக்கவில்லை. 'இந்தா' என்பாள். என்னையும் அப்படித்தான் கூப்பிடுவாள். யார் முதலில் திரும்புகிறோமோ அவருக்கு வேலை.

பதினாறாம் நாள் கருமாதிக்கு ஊரே வந்தது. ஒருவர் விதி என்றார். ஒருவர், கொடுத்து வைத்தவள், பூவோடும் பொட்டோடும் போனாள் என்றார். வடை இரண்டாம் முறை வந்தபோது பெண் பேச்சு ஆரம்பித்தது. பாயசம் வருவதற்குள் மூன்று பெண் சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு உண்மையாக அழுதது என் அக்கா ஒருத்திதான். மூன்றில் இரண்டு பெண்ணைச் சொன்னதும் அவள்தான். அக்கா புருஷனை இழந்து பதினைந்து வருஷம் ஆகிறது. அவளுக்கு யாரும் எந்த இலையிலும் மாப்பிள்ளை சொன்னதில்லை.

நான் அழவில்லை. அழுகை வரவில்லை. நெஞ்சுரம் என்று பாதிப் பேர் சொன்னார்கள். கல்நெஞ்சு என்று மீதிப் பேர் சொன்னார்கள். இரண்டு கட்சியும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனது.

மாட்டுக்குப் புல் அறுப்பது அவள் வேலை. விடியும் முன்னே ஏரிக்குப் போவாள். இனி நான் போகவேண்டும். நல்ல புல் எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. நாய்க்குத் தெரிந்தது. முன்னால் நடந்தது. கரை ஏறி, மதகு தாண்டி, கோரை ஓரமாகப் போய் ஓர் இடத்தில் உட்கார்ந்தது. அங்கே புல் முழங்கால் உயரம் நின்றது.

அறுத்து முடித்தேன். நாய் எழுந்திருக்கவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தது. அவளும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பாள் போலிருக்கிறது. ஒரு கட்டுப் புல்லுக்கு இவ்வளவு நேரமா என்று தினம் திட்டுவேன். அன்றைக்கு நானும் உட்கார்ந்தேன். நீர்க்காகம் ஒன்று முங்கியது. எங்கே எழும் என்று நாய் ஒரு பக்கம் பார்த்தது, நான் ஒரு பக்கம் பார்த்தேன். அது வேறெங்கோ எழுந்தது. தூரத்தில் ஒரு கொக்கு தனியாக நின்றது. அதற்கு யாரும் ஆறுதல் சொல்லவில்லை. நன்றாகத்தான் இருந்தது.

பிறகு புல் தேவையில்லாத நாளும் போனோம். நாய் வரப்பில் நண்டு வளையைத் தோண்டும், மூக்கில் கடி வாங்கும், மறுநாளும் அதே வளைக்குப் போகும். ஐப்பசி மழைக்கு அப்புறம் எங்கிருந்தோ வாத்துக் கூட்டம் வந்து இறங்கியது. நெஞ்சில் ஏற்றியிருந்த பாரம் அந்த ஒரு மணி நேரம் இறங்கிப் பக்கத்தில் நிற்கும். வீட்டுக்குத் திரும்பினால் தானாக ஏறிக்கொள்ளும்.

ஊருக்கு இது பிடிக்கவில்லை. முயல் பிடிக்க நாயோடு போகலாம். ஆடு மேய்க்கப் போகலாம். சும்மா போகக்கூடாது. வெள்ளைக்காரத் துரைதான் நாயோடு சும்மா நடப்பான், வேலை வெட்டி இல்லாதவன் என்று டீக்கடையில் பேசினார்கள். காலையில் பெஞ்சில் உட்கார்ந்தால் மத்தியானம் எழுந்திருப்பவர்கள் அவர்கள்.

அக்கா என் ஜாதகத்தைப் பூந்தமல்லி ஜோசியரிடம் கொண்டுபோனாள். இவனுக்கு இரண்டு தாரம் தங்காது, மூன்றாவதுதான் நிலைக்கும் என்றாராம். ஒரு வாழைமரத்துக்குத் தாலி கட்டி அதை வெட்டிச் சாய்த்துவிட்டால் இரண்டாவது தீர்ந்தது, வருகிற பெண் மூன்றாவதாகிவிடுவாள் என்று வழியும் சொன்னாராம். எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான். வாழைமரம் ஆட்சேபணை சொல்லாது. திருமழிசையில் பெண்ணையும் பார்த்து நாளையும் குறித்துவிட்டாள் அக்கா. நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பேசாதவன் சம்மதித்தவன்.

அந்த வாரமே தண்டோரா போட்டார்கள். வெறிநாய் ஒன்று இரண்டு பேரைக் கடித்துவிட்டது, கழுத்தில் பட்டையோ கயிறோ இல்லாத நாயையெல்லாம் அடித்துப் போடப்போகிறோம் என்று. மறுநாள் காலை தடியோடு ஆட்கள் தெருக்கோடியில் நின்றார்கள். நான் கயிறு தேடினேன். மாட்டுக்கயிறு நாய்க்குத் தடிமன். அவள் பெட்டியைத் திறந்தேன். அவள் போன பிறகு அன்றுதான் திறக்கிறேன். மேலாக ஒரு மஞ்சள் கயிறு இருந்தது. ஆடிப் பதினெட்டுக்குத் தாலிக்கயிறு மாற்ற வாங்கி வைத்தது. ஆடிக்கு முன்னாலேயே போய்விட்டாள். அதை எடுத்து நாய் கழுத்தில் மூன்று முடிச்சுப் போட்டேன். இரண்டு போட்டால் அவிழ்ந்துவிடும் என்று போட்டது.

தடிக்காரர்கள் பார்த்தார்கள், விட்டுவிட்டார்கள். ஊர் விடவில்லை. மத்தியானத்துக்குள் நான் நாய்க்குத் தாலி கட்டிவிட்டேன். வாழைமரத்துக்குப் பதிலாம். நல்ல குலை தள்ளுகிற மரத்தை எதற்கு வெட்டவேண்டும், கெட்டிக்காரன் என்றார்கள். இல்லை என்று சொன்னேன். வெட்கப்படுகிறான் என்றார்கள். அது ஆண் நாய். ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை.

ஜோசியரிடம் ஆள் போனது. அவர் கண்ணை மூடி யோசித்துவிட்டு, நாயும் செல்லும் என்றாராம். ஆனால் முறை ஒன்றுதான். தாலி கட்டியது எதுவோ அது முகூர்த்தத்துக்கு முன் சாயவேண்டும்.

இரண்டு நாள் கழித்துப் பெண்ணின் அப்பா வந்தார். ஒரு சொம்பு மோர் குடித்தார். நாயைப் பார்த்தார்.

"மாப்ள, நாளு நெருங்கிக்கினு வருது. அத்த எப்ப முடிக்கப்போறே?"

"எத்த?"

"அதான், மூத்தாள."

அது நாய், தாலி இல்லை, காவலுக்குக் கட்டிய கயிறு என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

"அது உசுரோட நின்னா எம் பொண்ணுதான் ரெண்டாவது. அவளத் தூக்கிக் குடுக்கவா நான் வந்துகீறேன்?"

அவர் கெட்டவர் இல்லை. அவர் மகள் உயிருக்குப் பேசினார். நான் நாய் உயிருக்குப் பேசவேண்டும். எனக்குப் பேச வராது.

அக்கா நடுவில் புகுந்தாள். கொல்ல வேண்டாம், கூவம் ஆற்றுக்கு அந்தாண்டை விட்டுவிடு, ஆறு தாண்டினால் செத்ததற்குச் சமம் என்று ஜோசியரே ஒப்புக்கொண்டார் என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் கண்ண மூடிட்டா ஒனக்குக் கஞ்சி ஊத்த ஆள் யார்ரா கீது, தம்பி?"

நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனேன்.

மறுநாள் கரையான்சாவடிக்குச் சரக்கு இருந்தது. நாயை வண்டியில் ஏற்றினேன். எங்கோ புது ஏரிக்குப் போகிறோம் என்று அது நினைத்திருக்கும். மூட்டைமேல் உட்கார்ந்து காற்றை மோந்துகொண்டே வந்தது. ஆற்றில் முழங்கால் தண்ணீர்தான். தாண்டிப் போய்ச் சரக்கை இறக்கினேன். நாய் ஒரு வயலில் எலி வளை தோண்டிக்கொண்டிருந்தது. நான் மாட்டைத் தட்டினேன்.

திரும்பிப் பார்க்காமல் ஆறு வரைக்கும் ஓட்டினேன். மாடுகள் தண்ணீர் குடிக்க நின்றன. அப்போது திரும்பிப் பார்த்தேன். பாதையில் நாய் இல்லை. முடிந்தது என்று முன்பக்கம் திரும்பினேன். எதிர்க்கரையில் நின்றுகொண்டிருந்தது. வயலுக்குள் குறுக்கே ஓடி, எனக்கு முன்னால் ஆறு தாண்டி, உடம்பெல்லாம் சொட்டச் சொட்ட, ஏன் இவ்வளவு தாமதம் என்பது மாதிரி பார்த்தது. அது எப்போதும் முன்னால் போகிற நாய். பின்னால் தேடியது என் தப்பு.

அங்கேதான் அழுதேன். மாடுகள் குடித்து முடித்தன. நான் முடிக்க நேரமாயிற்று.

பிறகு நாயைக் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டு வண்டியைத் திருமழிசைக்குத் திருப்பினேன். பெண்ணின் அப்பா வாசலுக்கு வந்தார்.

"இன்னா மாப்ள, இத்தயும் இட்டுக்கினு வந்துகீறே?"

"இத வுட முடியாது. பொண்ண வேற எடத்துல குடுங்க."

"ஒரு நாய்க்காவா?"

"ஆமா."

உள்ளே வளையல் சத்தம் கேட்டது. அந்தப் பெண்ணுக்கு என் வயதில் பாதி. வருத்தமாக இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

ஊருக்கு ஒரு மாசத்துக்கு வேறு பேச்சுத் தேவைப்படவில்லை. யுத்தம்கூட இரண்டாவதாகத்தான் பேசப்பட்டது. அக்கா என்னோடு பேசவில்லை, குழம்பு அனுப்புவதையும் நிறுத்திவிட்டாள். நான் பச்சை மிளகாய் கடித்துக் கஞ்சி குடித்தேன். நாயும் கஞ்சிதான். விடிந்தால் ஏரி.

தை பிறந்து ஒரு நாள் கரைமேல் யாரோ வருவது தெரிந்தது. அக்கா. மூச்சு வாங்கியது.

"இன்னாதான் கீது இங்க? தெனம் வந்து குந்திக்கினு கீறே."

"ஒண்ணுமில்ல."

பக்கத்தில் உட்கார்ந்தாள். நாய் நகர்ந்து இடம் கொடுத்தது. பனி விலகித் தண்ணீர் தெரிந்தது. வாத்துகள் ஒருமுறை எழும்பிச் சுற்றி அதே இடத்தில் இறங்கின. அக்கா ஜாதகம் பேசவில்லை. பெண் பேசவில்லை. முந்தானையால் ஒருமுறை முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெயில் சுடுகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

மறுநாளும் வந்தாள். சுள்ளி பொறுக்க வந்தேன் என்றாள். அந்தப் பக்கக் கரையில் மரமே கிடையாது.