செல்லச்சாமி குடிக்காத சாராயம்

என் மச்சான் செல்லச்சாமி குடித்துவிட்டு லொறி ஓட்டி ஜெயிலுக்குப் போனவன் என்றுதான் எங்கள் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். கோர்ட்டே அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறது. கோர்ட்டுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன கிழித்தேன் என்று கேட்டால், ஒன்றும் கிழிக்கவில்லை.

மாத்தளைப் பக்கம் பலாபத்வலைக்கு மேலே இருந்தது எங்கள் தோட்டம். நான் ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், எஞ்சின் பார்க்கிறவன். என் தங்கை சுந்தரம்மாவைக் கட்டியவன் செல்லச்சாமி. தோட்டத்துக்கு இருந்தது ஒரே லொறி, அதற்கு அவன் ஒருவன்தான் டிரைவர். லைசென்ஸ் வாங்க அந்த மனுஷன் பட்ட பாடு கொஞ்சமல்ல. மலையில் மண்வெட்டி பிடித்தவன், தோட்டத்துத் துரையின் காரைக் கழுவிக் கழுவியே ஓட்டப் பழகினான். லைசென்ஸை மெழுகுத் துணியில் சுற்றி சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருப்பான். அதுதான் அவனுக்குச் சொத்து, மானம் எல்லாம்.

ஆயுத பூஜை அன்று சரஸ்வதிக்குப் பொரி கடலை படைத்தாலும், லொறிக்குக் காவல் முனியாண்டிதான். ஸ்டோர் வாசலில் லொறியைக் கழுவி மாலை போட்டு, முனியாண்டிக்குச் சாராயம் படைப்பார்கள். படைத்ததில் ஒரு கிளாஸை டிரைவர் தன் சீட்டில் உட்கார்ந்து ஒரே மூச்சில் குடிக்க வேண்டும். பிறகு எலுமிச்சம்பழத்தை டயரில் நசுக்கி ஒரு சுற்று ஓட்டிவிட்டு லொறியை நிறுத்திவிடுவான். அன்றைக்கு வேறு ஓட்டம் கிடையாது. அந்தக் கிளாஸ் சாமி பங்கு. வேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை.

செல்லச்சாமிக்குச் சாராயம் வயிற்றில் தங்காது. அந்த வருஷம் அவன் கிளாஸோடு சீட்டில் ஏறினான். மறுபக்கக் கதவில் மாவிலை கட்டிக்கொண்டு நின்ற நான் பார்த்தேன். மடியில் கிடந்த துண்டில் சாராயத்தைக் கவிழ்த்துவிட்டு, வெறும் கிளாஸை வாயில் வைத்து அண்ணாந்தான். என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பழம் நசுங்கியதும் நசுங்காததுமாக எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து அழகையா ஓடிவந்தான். அவன் பெண்சாதி கமலாட்சிக்குக் காலையிலிருந்து பிரசவ வலி. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனால்தான் ஆச்சு என்று மருத்துவச்சி கைவிரித்துவிட்டாளாம். துரையின் கார் கண்டிக்குப் போயிருந்தது. நனைந்த வேட்டியை மாற்ற எங்கே நேரம்? கமலாட்சியை வைக்கோல் போட்டுப் பின்னால் படுக்க வைத்தோம். அழகையா அவள் பக்கத்தில் உட்கார்ந்தான், நான் முன்னால் ஏறினேன்.

பலாபத்வலையைத் தாண்டும்போதே மழை பிடித்துக்கொண்டது. அலுவிகாரைக்குக் கிட்ட ஒரு வளைவில், மரம் ஏற்றிய மாட்டு வண்டி நடு ரோட்டில் அச்சு முறிந்து நின்றது. வண்டிக்காரன் மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தான். அவன்மேல் ஏறாமல் இருக்க ஸ்டியரிங்கை ஒடித்தான் செல்லச்சாமி. லொறி சறுக்கி, ரோட்டோரம் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் இறங்கிச் சாய்ந்துவிட்டது. எத்தனை பேர் தள்ளியும் அசையவில்லை. தம்புள்ளைப் பக்கமிருந்து ஒரு பஸ் வந்து எங்களை ஏற்றிக்கொள்வதற்குள் பிள்ளை செத்துவிட்டது. கமலாட்சி பிழைத்தது பெரிய காரியம்.

விசாரிக்க வந்த போலீஸ் ராலாமி செல்லச்சாமியின் கிட்டே வந்ததும் மூக்கைச் சுளித்தார். வேட்டியும் துண்டும் சாராயக் கடையாக நாறினால் அவரும்தான் என்ன நினைப்பார்? டொக்டர் யாரும் சோதிக்கவில்லை. குடித்து வாகனம் ஓட்டினான் என்று வழக்கு எழுதினார்கள்.

வழக்குப் பேச ஒரு புரக்கிராசியைப் பிடித்தேன். கோர்ட்டு வளவில் வைத்து அவர் தெளிவாகச் சொன்னார். குடித்தது நிரூபணமானால் கடூழியச் சிறை, லைசென்ஸும் ஆயுசுக்கும் போய்விடும். குடிக்கவில்லை என்றால் மாட்டு வண்டி நின்ற இடமே நமக்குச் சாட்சி, மிஞ்சிப்போனால் அபராதம். நடந்ததை அப்படியே சொல், துண்டில் கொட்டியதை உன் மச்சான் சாட்சி சொல்லட்டும் என்றார். எனக்கு உயிர் வந்தது. செல்லச்சாமி மட்டும், அழகையாவும் உள்ளே இருப்பானா என்று கேட்டான். அரசாங்கத் தரப்புச் சாட்சியே அவன்தானே என்றார் புரக்கிராசி.

சாட்சி சொல்ல நான் வெளியே காத்து நின்றேன். என்னைக் கூப்பிடவே இல்லை. நீதவான் கேட்டதும் இவன் கையைக் கட்டிக்கொண்டு, ஆமாங்க, குடிச்சேங்க என்று சொல்லியிருக்கிறான். புரக்கிராசி தலையில் அடித்துக்கொண்டு வெளியே வந்தார். ஆறு மாதம் கடூழியம். லைசென்ஸை மேசையிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

கண்டி ஜெயிலுக்கு ஏற்றுவதற்கு முன் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, அறிவுகெட்டவனே என்று கத்தினேன். அவன் குரலை உயர்த்தவில்லை.

"குடிச்சேன்னு சொன்னா நான் மட்டுந்தான் கெட்டவன், மச்சான். சாமி பங்கைக் கொட்டிட்டேன்னு சொன்னா, அந்தப் புள்ளைய முனியாண்டி எடுத்துக்கிட்டான், அதுக்கு நாந்தான் காரணம்னு ஆயிரும். அப்புறம் அந்த லயத்துல சுந்தரம்மாவ யாரு அண்ட விடுவா? எந்தப் பீலியில அவ தண்ணி புடிப்பா? அவகிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க. அவளுக்கு மனசுல ஒண்ணு நிக்காது."

சத்தியம் செய்து கொடுத்தேன். அவன் கணக்குப் பிசகவில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல். சாமி பங்கைத்தானே குடித்தான், பாவம், நம்ம விதி என்று அழகையாவே லயத்தில் சொன்னான். சுந்தரம்மாவை ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. கொழுந்து வேலையும் குடியிருந்த காம்பராவும் அவளுக்கு நிலைத்தன. ஆனால் செத்த பிள்ளையைக் குளிப்பாட்டிக் கொடுத்தவள் அவள்தான். குடித்துவிட்டு இதைச் செய்தானே என்று அவள் மனசு இறுகிப் போனது. ஜெயிலுக்குப் பார்க்க வா என்று எத்தனையோ தடவை கூப்பிட்டேன், வரவில்லை.

ஆறு மாதம் கழித்து வந்தவனுக்குத் துரை மண்வெட்டியைக் கொடுத்தார். புது டிரைவர் லொறியில் போகும்போது இவன் பாதையோரம் கான் வெட்டிக்கொண்டு நிற்பான். வீட்டில் சுந்தரம்மா சோறு வைப்பாள், பேசமாட்டாள். எத்தனை நாளைக்குத்தான் ஒரு மனுஷன் தாங்குவான்? சாராயம் வயிற்றில் தங்காதவன் அதைத் தங்க வைக்கப் பழகிக்கொண்டான். சம்பள நாளில் தொடங்கியது, பிறகு தினமும் ஆனது.

ஒரு காலையில் கான் ஓரத்தில் விழுந்து கிடந்தவனை நானும் இன்னொருத்தனும் தூக்கிக்கொண்டு வந்து காம்பராவில் போட்டோம். அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. சத்தியமாவது மண்ணாவது என்று சுந்தரம்மாவைப் பிடித்து உட்கார வைத்து, கிளாஸைக் கவிழ்த்ததிலிருந்து கம்பிக்குப் பின்னால் அவன் சொன்னது வரை அத்தனையும் சொன்னேன். உனக்காகத்தான்டி அவன் கெட்டான் என்றும் சொன்னேன்.

அவள் தரையில் கிடந்தவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"தெனமும் இவர தொடச்சு விடுறவ நான். இவரு குடிக்காதவருன்னு என்கிட்டயே வந்து சொல்றியா, அண்ணே?"

கொழுந்துக் கூடையை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டாள்.