கோழிக்குப் போன ஒரு பிடி மாவு

கம்பைநல்லூர் சந்தைத் தெருவில் மாயவனின் மாவு மில்லைத் தெரியாதவர்கள் அந்த 1983-ல் யாரும் இருந்திருக்க முடியாது. பத்துக் குதிரைச் சக்தி மோட்டார். அது ஓடத் தொடங்கினால் பக்கத்து டீக்கடையில் கண்ணாடித் தம்ளர்கள் தாமாகவே கிலுகிலுக்கும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர் மாயவன். குவாரியில் ஜல்லி உடைத்து, மொரப்பூர் ஸ்டேஷனில் மூட்டை தூக்கி, பதினான்கு வருஷம் ஒரு பீடிகூடப் பிடிக்காமல் சேர்த்து நிறுத்திய மில் அது. அதில் அப்பன் சொத்து ஒரு செங்கல் கிடையாது. படித்தவன் நூறு பேரை நிற்க வைத்தாலும் இப்படி ஒன்றை நிறுத்திக் காட்ட முடியுமா? இதை அவரே சொல்வார். யாரும் கேட்காவிட்டாலும் சொல்வார். சொல்லட்டுமே, உழைத்தவன் வாய்க்கு யார் பூட்டுப் போடுவது?

"டப்பா தூக்கிட்டு வந்தவங்கள நான் திருப்பி அனுப்புனதே கெடையாது. ராகியா, கம்பா, மொளகாயா, மஞ்சளா, சீயக்காயா, எதக் கொண்டாந்தாலும் அரைச்சுக் குடுக்கறவன் நானு" என்பது அவர் பேச்சு.

அந்த வருஷம் தை மாதம் மாதா கோயில் தெருவில் ஞானமேரி ஒரு மில் வைத்தாள். அவள் கணவன் ஸ்தனிஸ்லாஸ் தருமபுரியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டும் கடையில் வேலை பார்த்தான். யாரோ வேண்டாம் என்று விட்டுப்போன ஐந்து குதிரைச் சக்தி மோட்டாரை அவனே காயில் கட்டி ஓட வைத்திருந்தான். அரைக்கும் மிஷினும் பழசு. காலையில் அவன் பஸ் ஏறிய பிறகு ஞானமேரி ஒருத்திதான் எல்லாம்.

மாயவன் போய்ப் பார்த்துவிட்டு வந்து டீக்கடையில் சிரித்தார்.

"அது மிஷினா? இருமற கெழவி. ஆறு மாசத்துல பழைய இரும்புக்குப் போவும்."

ஆறு மாதத்தில் போனது மிஷின் அல்ல, மாயவனுடைய ராகிக் கூட்டம். ஞானமேரி வருகிற டப்பாக்களுக்குச் சாக்பீஸால் நம்பர் போட்டு வாங்கி வைத்துக்கொள்வாள். பெண்கள் காட்டு வேலைக்குப் போய்விட்டு மத்தியானம் வந்து எடுத்துப் போவார்கள். மாயவன் தினமும் ஏதோ ஒரு சாக்கில் அந்தத் தெருமுனைக்குப் போய் நிற்பார். சுவரோரம் டப்பாக்கள் கல்யாணப் பந்தியைப் போல உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றும் தன் பந்தியில் இருந்து எழுப்பிக்கொண்டு போனது போல அவருக்கு வயிறு காந்தும்.

முதலில், வேதக்காரப் பெண்கள் தங்கள் மதத்து ஆளிடம் போகிறார்கள் என்று நினைத்தார். தன்னிடமே வந்துகொண்டிருந்த காசியம்மாளும் கோவிந்தம்மாளும் அங்கே போனதைக் கண்ணால் பார்த்ததும் அந்த ஆறுதலும் போயிற்று. அரைக்கும் கூலியைக் குறைத்தார். ஆள் வரவில்லை. பழைய மிஷின், மாவில் இரும்புத் தூள் விழுகிறது என்று சந்தையில் கிளப்பிவிட்டார்.

"விழட்டும்ணா, ஒடம்புல ரத்தம் ஊறும்" என்றாள் காசியம்மாள்.

மிளகாய் அரைப்பு மாசி, பங்குனியோடு சரி. வருஷம் முழுக்க மில்லுக்குச் சோறு போடுவது ராகிதான். அது திரும்பாவிட்டால் கரண்டு பில் கட்டக்கூட ஓடாது. சேலத்துப் பக்கத்தில் இருந்து ஒரு ஆள், மோட்டாரைக் கொடுத்துவிடுகிறீர்களா என்று இரண்டு முறை வந்து கேட்டுப் போனான். பதினான்கு வருஷ வேர்வையைக் கழற்றி லாரியில் ஏற்றுவதா? அந்த நினைப்பு வந்தாலே மாயவனுக்குச் சோறு இறங்காது.

இதெல்லாம் போகட்டும். இடி வீட்டுக்குள் விழுந்தது.

தலைப்பிரசவத்துக்கு வந்த மகள் காவேரி இன்னும் தாய் வீட்டில்தான் இருந்தாள். பேத்திக்கு எட்டு மாதம். காவேரி ராகிக் கஞ்சி ஊட்ட, குழந்தை சப்புக்கொட்டி விழுங்கியது. மாயவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தியா, எப்பிடி முழுங்குதுன்னு! தாத்தா மில்லு மாவுன்னா சும்மாவா?"

காவேரி தலையைக் குனிந்துகொண்டாள். உறைமோர் வாங்க வந்திருந்த பக்கத்து வீட்டுக் குள்ளம்மாளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"எந்தத் தாத்தா மில்லுங்க? ஸ்தனிஸ்லாசுக்கு இன்னும் பேத்தியே பொறக்கலியே!"

மாயவன் எழுந்து அடுப்படிக்குப் போனார். பரணில் மாவு டப்பா இருந்தது. அதன் வயிற்றில் சாக்பீஸால் பதினேழு என்று எழுதியிருந்தது. பதினேழாவது ஆளாகத் தன் மனைவி அந்தச் சுவரோரம் டப்பா வைத்திருக்கிறாள்! ஊரே சிரித்திருக்குமே!

"தீர்த்தா! இது என்னாடி?"

தீர்த்தம்மாள் ஒளிக்கவில்லை. "நம்பரு."

"நம்பருன்னு எனக்குத் தெரியாதா? சொந்த மில்ல வெச்சிக்கிட்டு அங்க போயி நின்னியா? எத்தன நாளா?"

"மூணு மாசமா. நம்ம மில்லு மாவுல கஞ்சி காச்சி ஊட்டுனோம். புள்ள வாயத் தொறந்து கத்துச்சு பாருங்க, ஒதடெல்லாம் செவந்துபோச்சு. நீங்க அன்னிக்கு மொளகாய அரைச்சிட்டு ராகி போட்டீங்க."

"கல்லத் தொடச்சிட்டுத்தானடி போட்டேன்!"

"நீங்க தொடச்சீங்க. கல்லு மறக்கல."

"அத எங்கிட்டச் சொல்றதுக்கு என்னா?"

"சொன்னா கேக்கற ஆளா நீங்க? பத்துக் குதிர மோட்டாருன்னு ஆரம்பிப்பீங்க."

மாயவன் அன்று வெறும் மோரைக் குடித்துவிட்டுப் படுத்தார். மனைவி மேல் வந்த கோபத்தைவிட ஞானமேரி மேல் வந்த எரிச்சல் பெரிது. கைக்குழந்தைகூட அவள் பக்கம் போய்விட்டதே!

மறுநாள், மோட்டார் சூடாகிறது, ஸ்தனிஸ்லாசைக் கேட்க வேண்டும் என்று ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டு ஞானமேரியின் மில்லுக்கே போனார்.

"வாங்கண்ணா. அவரு பஸ்ஸுக்குப் போயிட்டாருங்க. உக்காருங்க, இந்த டப்பா முடியட்டும்."

உட்கார்ந்தார். கண் மட்டும் திருடன் கண்ணாக அலைந்தது. ஞானமேரி ஒரு டப்பாவை அரைத்து முடித்தாள். அடுத்த டப்பாவை எடுக்குமுன், தன் சொந்தச் சாக்கில் இருந்து ஒரு பிடி ராகியை அள்ளி மிஷினில் போட்டாள். அது மாவாக விழுந்ததும் முறத்தில் ஏந்தி வாசலில் கொட்டினாள். கோழிகள் ஓடி வந்தன. பிறகுதான் அடுத்தவளுடைய ராகியைப் போட்டாள். ஒவ்வொரு டப்பாவுக்கும் இதே கதை. தன் ராகியைத் தானே கோழிக்குப் போடுகிறவளைப் பைத்தியம் என்று சொல்லலாமா என்று மாயவன் யோசித்தார். பக்கத்தில் நின்ற கோவிந்தம்மாள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"எங்க மாவு எங்களுக்கு. மிஷின்ல ஒட்டியிருக்கற ஊரா மாவு கோழிக்கு. அதுக்குத்தாண்ணா இங்க வர்றது."

அப்போது நஞ்சப்பன் வண்டியில் வந்து இறங்கினார். பதினைந்து ஏக்கர் பாசனக்காரர், மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். வண்டியில் ஒரு மூட்டை வரமிளகாய்.

"எம்மா, இத அரைச்சுக் குடு. கூலி ரெண்டு மடங்கா வாங்கிக்க."

"மொளகா நம்ம மில்லுல அரைக்கறதில்லீங்க."

"மூணு மடங்கு வாங்கிக்கம்மா."

"இல்லீங்க. மாயவண்ணன் மில்லுக்குக் கொண்டுபோங்க. மொளகா அவருதான் நல்லா அரைப்பாரு. இதோ, அண்ணனே உக்காந்திருக்காரு."

மாயவனுக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அவள் தூக்கிப் போட்டதைத் தான் பொறுக்குவதா? வீடு திரும்பும் வழியெல்லாம் மனதுக்குள் அவளைத் திட்டிக்கொண்டே நடந்தார். ஆனாலும் ஒன்று தைத்தது. மூன்று மடங்கு கூலியை முகம் கோணாமல் வேண்டாம் என்று சொன்னாளே, அந்த 'இல்லீங்க' இருக்கிறதே, அதுதான் அவள் தொழிலில் போட்ட முதல். தன் பத்துக் குதிரை மோட்டார் அதற்கு முன்னால் நொண்டிக் குதிரை.

பொறாமை லேசில் விடுமா? நஞ்சப்பனின் மிளகாயை அரைத்துக் கொடுத்த கையோடு கல்லைக் கழுவினார், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். அவள் ஒரு பிடி போட்டால் நான் இரண்டு பிடி போடுகிறேன் என்று சந்தையில் நின்று கத்தினார். நாலு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி மிஷின் வாயருகே மூக்கைக் கொண்டுபோய்விட்டுத் தும்மினாள்.

"அண்ணா, மிஷின விடுங்க. உங்க சட்டையே மொளகா அரைக்குது."

நாலு பேரும் சிரித்துக்கொண்டே மாதா கோயில் தெருப்பக்கம் திரும்பினார்கள்.

அன்றுதான் மாயவனுக்கு உறைத்தது. டப்பா தூக்கி வருகிறவளுக்குத்தான் இத்தனை நாளும் மில் நடத்தியிருந்தார். அந்த மாவை வாயில் வைக்கிறது யார் என்று ஒரு நாளாவது நினைத்தாரா? பல் முளைக்காத பிள்ளை, பல் போன கிழவன். அவர்களுக்குக் காரம் விஷம். சரி, காரமே வேண்டும் என்கிற வாய் எங்கே இருக்கிறது? காலேஜில் இந்தப் பாடம் நடத்துகிறார்களோ என்னவோ, மாயவனுக்கு வயிற்றெரிச்சல் நடத்தியது. பொறாமையைப் போல வாத்தியார் கிடையாது. அடி பலமாக விழும், பாடம் மறக்காது.

அடுத்த நாள் பஸ் ஏறித் தொப்பூர் கணவாய்க்குப் போனார். ரோட்டோரம் வரிசையாகச் சாப்பாட்டுக் கடைகள், வெளியே லாரிகள். ஒரு கடையில் உட்கார்ந்து குழம்பை நக்கிப் பார்த்தார்.

"மொளகாத் தூளு எங்க வாங்கறீங்க?"

"சேலத்துலங்க. பாதி உமி. டிரைவருங்க திட்டறாங்க" என்றார் கடைக்காரர். "அவிங்களுக்கு ஒரு வாய் வெச்சா மூக்குல தண்ணி வரணும், தூக்கம் ஓடணும். கணவாயில கண்ண மூடுனா ஆளு இல்ல பாருங்க."

"உங்க மொளகாயக் குடுங்க. உங்க கண்ணு முன்னாலயே அரைச்சுக் குடுக்கறேன். உமி ஒரு சிட்டிக இருந்தா என் மீசைய எடுத்துக்கறேன்."

முதல் மாதம் ஒரு கடை. ஐப்பசி முடிவதற்குள் ஆறு கடை. மிளகாய், மல்லி, மஞ்சள் என்று வாரம் தவறாமல் மூட்டை வந்தது. சேலத்து ஆள் மூன்றாம் முறை வந்தபோது மோட்டார் ஓடிய சத்தத்தில் அவன் கேட்டதே காதில் விழவில்லை. தானியம் இனி அரைப்பதில்லை என்று மாயவன் ஊருக்குச் சொல்லிவிட்டார். சொல்லும்போது நெஞ்சில் முள் ஏறியது. ராகியை அவளுக்கே எழுதிக் கொடுத்த மாதிரி அல்லவா ஆயிற்று?

கார்த்திகையில் ஒரு நாள், மிளகாய் மூட்டை வர நேரமாகி மில் சும்மா கிடந்தது. பஸ்ஸில் இருந்து இறங்கிய சாலம்மாள் என்ற வெளியூர்க்காரி நேராக உள்ளே வந்து டப்பாவை இறக்கினாள். நிறைய ராகி. எட்டுப் படிக்குக் குறையாது. மாதக்கணக்கில் இப்படி ஒரு டப்பா அந்த வாசலைத் தாண்டி வந்ததில்லை. மாயவனின் கை தானாகப் போய் டப்பாவைத் தொட்டது. யாருக்குத் தெரியும்? மாதா கோயில் தெருவில் ஒரு டப்பா குறையும், அவ்வளவுதான். அது நினைக்கவே இனித்தது.

"சீக்கிரம் போடுங்க. மக புள்ளப்பெத்து வூட்டுல கெடக்கறா" என்றாள் சாலம்மாள்.

மாயவன் கையை எடுத்தார்.

"இங்க ராகி அரைக்கறதில்லம்மா."

"மோட்டாரு சும்மாத்தானே நிக்குதுங்க?"

"நிக்கட்டும். மாதா கோயில் தெருவுக்குப் போ. ஞானமேரின்னு கேளு."

சாலம்மாள் முனகிக்கொண்டே டப்பாவைத் தலையில் ஏற்றினாள். நாலடி போனதும் மாயவனுக்குப் பொறுக்கவில்லை.

"இந்தாம்மா! மாயவன் அனுப்பிச்சான்னு சொல்லு."

"சொன்னா கூலியக் கொறைப்பாங்களா?"

"கொறைக்க மாட்டா. ஆனாச் சொல்லு."

டப்பா தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். மாவட்டத்தில் எவனுக்கு இந்தத் தைரியம் வரும் என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டார். வயிறும் எரியத்தான் செய்தது. எட்டுப் படி, முழுசாக எட்டுப் படி.