கருட சேவைக்கு ஒரு குடை

என் தம்பி ஆதிகேசவன் யாருக்கும் சுலபத்தில் வார்த்தை கொடுக்கமாட்டான். எதைக் கேட்டாலும் முதலில் "பாக்கலாம்" என்பான். எங்கள் ஊரில் மற்றவர்கள் பாக்கலாம் என்றால் அது முடியாது என்பதை மரியாதையாகச் சொல்வது. இவன் சொன்னால் நிஜமாகவே போய்ப் பார்க்கப் போகிறான் என்று அர்த்தம்.

ஐயம்பேட்டையில் எங்களுக்கு இருந்த நிலம் சாப்பாட்டுக்குச் சரியாக இருந்தது. நான் எட்டாவதோடு நின்றேன். தம்பி பத்தாவது முடித்துவிட்டுக் காஞ்சிபுரத்தில் ஒரு டிவி ரிப்பேர் கடையில் சேர்ந்தான். கேபிள் வந்த புதிது. மாடிக்கு மாடி டிஷ் ஆண்டெனா ஏறிக்கொண்டிருந்த காலம். முதலில் வந்தவை வானத்தைப் பார்த்துத் திருப்பி வைத்த பெரிய குடை மாதிரியே இருந்ததால் எங்கள் பக்கத்தில் அதற்குக் குடை என்றே பெயர் நின்றுவிட்டது. பிள்ளையார்பாளையத்தில் தறி போட்டிருக்கும் வீடுகளில் நாள் முழுக்கப் பாட்டு ஓட வேண்டும். படம் நின்றால் உடனே ஆள் அனுப்புவார்கள். "கேசவா, குடை திரும்பிக்கினு இருக்குதுபா" என்பார்கள். அவன் ஏறிச் சரிசெய்துவிட்டுக் கீழே வந்து, படம் ஓடுவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புவான்.

பிறகு பழைய பேருந்து ஒன்றை வாங்கி யாத்திரைக்கு விட ஆரம்பித்தான். இருக்கைகளைக் குறைத்து, கால் நீட்டிப் படுக்கும்படி பலகைகள் அடித்தான். பின்பக்கம் அடுப்பும் பாத்திரங்களும் வைக்க இடம், கூரைமேல் தண்ணீர்த் தொட்டி. போகிற இடத்தில் மரத்தடியாகப் பார்த்து நிறுத்தி, சமைத்துச் சாப்பிட்டு, அதிலேயே தூங்கி எழுந்து மேலே போக வேண்டியதுதான். வயதான பெண்கள் வருகிற பயணங்களில் துணைக்கு ஒரு பெண் வேண்டும் என்பதால் நானும் போவேன்.

அந்த வருஷம், 2005 என்று நினைவு, சின்ன காஞ்சிபுரத்திலிருந்து பாச்சா மாமா தேடி வந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பத்ரிநாத் போக ஒரு கூட்டம் சேர்ந்திருக்கிறது என்றார். கூட்டத்தில் பாதிப் பேர் ஆசிரியர்கள் என்பதால் கோடை விடுமுறையை விட்டால் நாள் கிடையாது. ஆனால் அவர் வீட்டிலேயே ஒருவர் வரமாட்டேன் என்கிறார். பேசிப் பார்க்க எங்களை வரச் சொன்னார்.

வரமாட்டேன் என்றவர் அவருடைய மனைவி வரலக்ஷ்மி மாமி. பயணத்தின் நடுவில் வரதராஜப் பெருமாளின் வைகாசி கருட சேவை வருகிறது. அதுதான் காரணம்.

"கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்ததுலேருந்து அன்னிக்குக் கோபுர வாசல்ல நிக்காம இருந்ததில்லை" என்றார் மாமி. "பிரசவம் ஆகி பத்து நாள் கழிச்சுகூடப் போய் ஓரமா நின்னிருக்கேன்."

"அத்தனை கூட்டத்துல பெருமாள் உன்னைத் தேடவா போறார்?" என்றார் மாமா.

"தேடுவார்."

மாமா சிரித்தார். மாமி சிரிக்கவில்லை. இந்த வருஷம் ஒரு தமிழ்ச் சேனல் கருட சேவையை நேரடியாகக் காட்டப் போகிறதாம் என்று மாமா சமாதானம் சொன்னார். மாமி அவரை விட்டுவிட்டு என் தம்பியைப் பார்த்தார். வடக்கே எங்கேயோ ஒரு ஊரில், பஸ்ஸுக்குள்ளே, தமிழ்ச் சேனல் தெரியுமா என்று கேட்டார். யாத்திரைக்குப் பெயர் கொடுத்துவிட்டு அங்கே வந்து உட்கார்ந்திருந்த மற்ற பெண்களும் அவன் வாயைப் பார்த்தார்கள். மாமி வராவிட்டால் அவர்களும் வரப் போவதில்லை என்பது எனக்குப் புரிந்தது.

"பாக்கலாம்மா" என்றான்.

மறுநாளே சென்னையில் டிவி சாமான் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவுக்குப் போனான். நானும் கூடப் போனேன். ஒரு கடைக்காரர் வெளிநாட்டுப் புத்தகம் ஒன்றைத் திறந்து காட்டினார். வீடு மாதிரியே கட்டிய வண்டிகளை ஓட்டிக்கொண்டு அங்கே குடும்பத்தோடு ஊர் ஊராகப் போகிறார்களாம். அந்த வண்டிகளின் கூரையில் வெள்ளையாக ஒரு குண்டு கவிழ்த்திருந்தது. வண்டி எந்தப் பக்கம் திரும்பினாலும் உள்ளே இருக்கும் டிஷ் தானாகவே திரும்பிச் செயற்கைக்கோளைப் பிடித்துக்கொள்ளும் என்றார். தம்பி அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தான். விலையைக் கேட்பான் என்று நினைத்தேன். அதன் உயரத்தைக் கேட்டான். நம் பேருந்தின் தண்ணீர்த் தொட்டியே புளியமரக் கிளைகளில் இடிக்கிறது, இது முதல் நாளே போய்விடும் என்றான்.

கூரையில் சாதாரண டிஷ்ஷைத் திருகி மாட்டிவிடலாம் என்றார் இன்னொருவர். அப்படியானால் படத்துக்காகப் பேருந்தையே திருப்பி நிறுத்த வேண்டும். நிறுத்துகிற இடத்தில் நிழலும் தண்ணீரும் பார்ப்போமா, திசை பார்ப்போமா? மாடியில் இருக்கும் கம்பிவலை போட்ட பழைய பெரிய குடையைக் கழற்றி எடுத்துப் போகலாமா என்றும் யோசித்தான். அதைப் பிரித்துப் பூட்டுவதற்குள் திருவிழா முடிந்துவிடும்.

கடைசியில் மாதச் சந்தா இல்லாத சின்ன டிஷ் ஒன்றை எடுத்தான். வீடுகளில் மாட்டுவதைவிட ஒரு அளவு பெரியது. சின்னதில் மழை மூட்டம் வந்தால் படம் நிற்காது என்றான். அதைத் தரையில் நிறுத்த இரும்பில் முக்காலி ஒன்று செய்யச் சொன்னான். காற்றில் சாயாமலிருக்க முக்காலியின் நடுவில் தண்ணீர் கேனைத் தொங்கவிடக் கொக்கி. பேருந்தை நிழலில் விட்டுவிட்டு டிஷ்ஷை வெயிலில் வைக்கலாம், அங்கிருந்து டிவிக்கு இழுக்க ஏற்ற நீளத்தில் கேபிள் கம்பி. பேட்டரியில் ஓடும்படி இன்வெர்ட்டர். உள்ளே சின்ன டிவி.

வாங்கியதோடு விடவில்லை. வாலாஜாபாத்தில் பாலாற்று மணலில் கொண்டுபோய் வைத்துப் பார்த்தான். மாகறலில் சிவன் கோயில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். அங்கே படமே வரவில்லை. திசைகாட்டியைப் பேருந்தின் ஓரமாகப் பிடித்துப் பார்த்திருக்கிறான். பேருந்தின் இரும்பு முள்ளை இழுத்துவிட்டது. தள்ளிப் போய் நின்று பார்த்ததும் திசை வேறாக இருந்தது. டிஷ் அக்கினி மூலையைப் பார்க்க வேண்டும் என்று கடையில் சொல்லியிருந்தார்கள். அது நம் ஊருக்குச் சரி. வடக்கே போகப் போக டிஷ் இன்னும் தெற்கே திரும்ப வேண்டும், தலையையும் தாழ்த்த வேண்டும் என்பதை இவனாக விசாரித்துத் தெரிந்துகொண்டான்.

அதன் பிறகுதான் சின்ன காஞ்சிபுரம் போய் மாமியிடம் சொன்னான். "வாங்கம்மா. பெருமாள் வாசலுக்கு வரும்போது உங்க எதிர்ல படம் இருக்கும்." மாமி அவனை ஒருமுறை பார்த்துவிட்டு, சரி என்று உள்ளே போனார்.

பயணத்தில் எந்த ஊர் வந்தாலும் மற்றவர்கள் கோயிலைத் தேடுவார்கள். இவன் மொட்டை மாடிகளைப் பார்ப்பான். அங்கே மாட்டியிருக்கும் சின்ன டிஷ்கள் எவ்வளவு சாய்ந்து எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று தெரிந்துகொண்டு நம்முடையதையும் அப்படியே வைப்பான். நாகபுரியில் வந்தது. மதுராவில் வந்தது. டிரைவர் அர்ஜுனன், "சாமி கும்பிட வந்த ஆளா, மாடி கணக்கெடுக்க வந்த ஆளாபா நீ?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். கருட சேவையன்று மலைக்குள் இருந்தால் தென்கிழக்கில் மலை மறைத்துவிடலாம் என்று அரித்வாரத்திலேயே கூடுதலாக ஒரு நாள் தங்க வைத்தான்.

அன்று விடியும்போதே ஆற்றங்கரையில் ஒரு மரத்தடியில் பேருந்து நின்றிருந்தது. கொஞ்சம் தள்ளி முக்காலி. எல்லாரும் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மாமி பட்டுப் புடவை கட்டி, நேர் எதிரில், கைகூப்பித் தயாராக இருந்தார். படம் தெளிவாக வந்தது. நம் தெரு, நம் கூட்டம், நம் மேளம். மாமா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

தம்பி உள்ளே வரவில்லை. ஆற்றுக்காற்று அடித்ததால் முக்காலியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றான். நான் அவன் பக்கத்தில் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அர்ஜுனன் பேருந்தின் படிக்கட்டில் நின்று உள்ளே நடப்பதை எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். கருடன் வருது என்றான். வாசலுக்கு வந்துட்டாங்க என்றான். பிறகு பேச்சைக் காணோம். மேளச் சத்தமும் குறைந்த மாதிரி இருந்தது.

"இன்னா ஆச்சுபா?" என்றான் தம்பி.

உள்ளே மாமா ஏதோ சொல்வது கேட்டது. அர்ஜுனன் திரும்பினான். "குடை மறைச்சிடுச்சாம்பா."

தம்பி மேலே பார்த்தான். மரத்தின் கிளை ஒன்று காற்றில் டிஷ்ஷுக்கு நேராக வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. வேறு யோசனையே இல்லை. கேனைக் கழற்றி, முக்காலியை அப்படியே தூக்கி, கிளை எட்டாத இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டான். உள்ளே எல்லாரும் ஒரே நேரத்தில் ஐயோ என்ற சத்தம் கேட்டது.

மாமா சொன்ன குடை வேறு. கோபுர வாசலில் கருடன்மேல் பெருமாள் வந்து நின்றதும் பெரிய குடைகளால் அவரைச் சற்று மறைத்துவிட்டுப் பிறகு எடுப்பது அங்கே வழக்கம். எங்கள் வீட்டார் எப்போதும் பெருமாள் வீதியில் வரும்போதுதான் பார்த்திருக்கிறோம். வாசலில் நடப்பது எங்களுக்குத் தெரியாது. அர்ஜுனனுக்கும் தெரியாது. குடை என்றால் எங்களுக்கெல்லாம் டிஷ்தான்.

தம்பி திரும்பத் திசை பார்த்து, சாய்வு பார்த்து, மறுபடியும் படத்தைப் பிடிக்க நேரமானது. படம் வந்தபோது பெருமாள் வாசலைத் தாண்டி வீதியில் போய்க்கொண்டிருந்தார். பக்கவாட்டில் நன்றாகவே தெரிந்தார். குடை விலகியதும் எடுக்கிற தீபாராதனையைத்தான் யாரும் பார்க்கவில்லை.

அவன் உள்ளே போய் மாமியின் எதிரில் நின்றான். "வாசல்ல காட்டறேன்னு சொன்னேம்மா. காட்ட முடியல" என்றான்.

மாமி அதுவரை கூப்பிய கையை எடுக்கவில்லை. "குடையாலே எதுக்கு மறைக்கறான்னு உனக்குத் தெரியுமோ?" என்று கேட்டார். அவன் தெரியாது என்று தலையாட்டினான். சோளிங்கரில் தொட்டாசாரியார் என்று ஒருவர் இருந்தாராம். வருஷா வருஷம் கருட சேவைக்கு வருகிறவர், ஒரு வருஷம் வர முடியாமல் அங்கேயே குளக்கரையில் நின்று உருகியிருக்கிறார். பெருமாள் அவருக்கு அங்கேயே போய்க் காட்சி கொடுத்துவிட்டு வந்தாராம். அதனால் இன்றைக்கும் அந்தக் கொஞ்ச நேரம் குடையால் மறைக்கிறார்கள். அவர் அப்போது வாசலில் இல்லை, வர முடியாதவரைப் பார்க்கப் போயிருக்கிறார் என்று கணக்கு.

"நாமளும் வர முடியாதவாதானே. நீயும் அப்போதான் படத்தை நிறுத்தினே" என்றார் மாமி. மாமா சத்தமாகச் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். அர்ஜுனன் அப்போதுதான் மூச்சு விட்டான்.

தம்பி வெளியே வந்து டிஷ்ஷைக் கழற்றினான். ஒவ்வொரு திருகாணியையும் துணியில் துடைத்து வைத்தான். "அவங்களே சொல்லிட்டாங்களேபா" என்றேன். "அது அவங்க பெரிய மனசு, அக்கா" என்றான்.

அன்று சாப்பாடு முடிந்து மற்றவர்கள் படுத்ததும் மாமியே அவனிடம் வந்தார். நானும் இருந்தேன்.

"காலம்பற எல்லாருக்கும் முன்னாடி சொன்னது பொய்யில்லை" என்றார். "படத்தைப் பாத்தேன். மனசு நிறைஞ்சது. ஆனா உனக்கு நெஜத்தைச் சொல்லணும். நீ அந்தக் குடையைத் தூக்காம இருந்திருந்தாலும் எனக்கு வாசல்ல நின்னாப்ல இருந்திருக்காது. நான் அவரைப் பாக்க மட்டும் அங்க போய் நிக்கலைடா. அவர் கண்ணுல படணும்னு நிக்கறேன். டிவில அது நடக்காது. அடுத்த வைகாசிக்கு என்னைக் கூப்பிடாதே."

"சரிம்மா" என்றான். பாக்கலாம் என்று சொல்லவில்லை.

அவனுக்கு அது வருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் மாமி போனதும் அவன் முகம் தெளிந்திருந்தது. இத்தனை நாளாக அவனை உறுத்தியது சரியான டிஷ்ஷை எடுத்தோமா என்பதுதான். அது சரியான டிஷ்தான். எந்த டிஷ்ஷாலும் ஆகாத ஒன்றைக் கேட்டிருக்கிறார்கள் என்று இப்போது தெரிந்துவிட்டது.

பத்ரி போய்த் திரும்பினோம். மாமி நன்றாக நடந்தார். அடுத்த வருஷத்திலிருந்து தம்பி பத்ரி யாத்திரையைப் புரட்டாசிக்கு மாற்றினான். விடுமுறை கிடைக்காத ஆசிரியர்கள் சிலர் வேறு ஆட்களோடு போனார்கள். நஷ்டம்தான். போகட்டும் என்றான். டிஷ் இன்னும் பேருந்தில் இருக்கிறது. கிரிக்கெட் பார்ப்பார்கள், தொடர் பார்ப்பார்கள், சண்டை போடுவார்கள்.

போன மாசம்கூட வாலாஜாபாத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். வைகாசியில் காசிக்கு முழு வண்டியும் வேண்டும், சின்ன காஞ்சிபுரத்து உறவுக்காரர்களும் வருகிறார்கள் என்றார். அந்த நாட்களில் கருட சேவை வருது என்றான் தம்பி.

"அதான் உங்க வண்டியில டிவி இருக்குதாமேபா" என்றார் அவர். பக்கத்தில் இருந்த எனக்கே கேட்டது.

"இருக்குது, நல்லாவும் தெரியும்" என்றான் ஆதிகேசவன். "ஆனி மாசம் போலாங்க."